அண்டர்ரேட்டட் பாடல் என்னும் கோட்பாடு: திருவனந்தபுரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஹார்ட் ராக் ரசிகர் ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் உண்டு. உலகம் மதிக்கத் தவறிய பாடல்களின் பட்டியல் அது. டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ அதில் இராது. இருந்தால் பட்டியல் போட்டவர் அன்றைக்கே ரசிகர் பதவியை இழப்பார். பட்டியலைக் கேட்டவர் “ஆமாம், நல்ல பாட்டுதான்” என்று ஒப்புக்கொண்டால் போட்டவருக்கு மகிழ்ச்சி பிறக்க வேண்டும். பிறப்பதில்லை. ஒப்புக்கொள்வோர் கூடக் கூட அவர் முகம் வாடுகிறது. ஒரு கட்டத்தில் அந்தப் பாடலை ஓசைப்படாமல் நீக்கிவிட்டு, இன்னும் குறைவான பேர் கேட்ட வேறொன்றைச் சேர்த்துக்கொள்கிறார். ஆகவே ‘அண்டர்ரேட்டட்’ என்பது ஒப்புக்கொள்ளப்பட்டவுடன் அழிந்துபோகும் ஒரு குணம். இத்தகைய குணத்தை வைத்துக்கொண்டு எந்தத் துறையும் முன்னேற முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது நிறுவ வருவது ஒன்றுதான்: ஒரு பாடல் அண்டர்ரேட்டட் என்பதற்கு ரசிகரின் வாய்ச்சொல் சான்றாகாது, வேறொருவர் அதை எடுத்துத் தம் பாணியில் வாசித்த கவரே சான்று. அந்தச் சான்றை உற்பத்தி செய்வதில் உலக நகரங்களுக்கெல்லாம் மூத்தது, பர்மிங்ஹாமோ கலிபோர்னியாவோ அன்று, திருவனந்தபுரம்.

முதலில் அளவைகளைப் பார்ப்போம். மணிமேகலை பத்து அளவைகளை எண்ணுகிறது. அவற்றுள் முதன்மையானது காட்சி. ரசிகர் பாடலைத் தம் காதாலேயே கேட்டிருக்கிறார், சரி. ஆனால் தாம் கேட்டதைப் பிறர் கேட்கவில்லை என்பதை அவர் எந்தக் காதால் கேட்டார்? எனவே காட்சி உதவாது. அடுத்தது கருதல். புகையைக் கண்டு நெருப்பை அறிவது அதற்குத் தருக்க நூலார் தரும் எடுத்துக்காட்டு. ராக் மேடையிலோ புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருப்பதில்லை, வாடகைக்கு எடுத்த புகை எந்திரம்தான் இருக்கிறது. ஆகவே இத்துறையில் கருதலும் செல்லாது. உவமத்தைக் கையாண்டு “இது லெட் செப்பெலினுக்கு நிகர்” என்று சொன்னால், புகழ் செப்பெலினுக்கே போய்ச் சேர்கிறது. ஆகமம் என்பது மூத்தோர் சொல். ராக் உலகில் மூத்தோர் என்பவர் கல்லூரியில் இரண்டு ஆண்டு முன்னால் படித்தவர்; அவர் சொல்லை நெறியாகக் கொள்ள அவர் வீட்டாரே துணிவதில்லை. கைகொடுப்பது அடுத்து வரும் அருத்தாபத்தி. அதற்குத் தருக்க நூலார் தரும் எடுத்துக்காட்டு இது: தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆயினும் பருத்திருக்கிறான். ஆகவே இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும். அவ்வாறே, சொந்தப் பாடல்களால் பேரும் பொருளும் ஈட்டிய ஒரு குழு, வேறொருவரின் மறக்கப்பட்ட பாடலை வலியச் சென்று எடுத்து வாசிக்கிறது. அந்தப் பாடலில் இன்னும் வசூலாகாத மதிப்பு ஏதோ பாக்கி இருந்தது என்று கொண்டாலொழிய இச்செயலுக்கு விளக்கம் இல்லை. கவர் என்பது அருத்தாபத்தி அளவையே என்க.

பாக்கி எப்படி விழுகிறது என்பதையும் ஆராய வேண்டும். பாடல் நன்றாக இல்லாததால் விழுவதில்லை. அது வைக்கப்பட்ட இடத்தால் விழுகிறது. டீப் பர்ப்பிள் 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தது. 1972-இல் வெளிவந்த அதில் ஏழு பாடல்கள். அதே பதிவில் உருவான எட்டாவது பாடல் ஒன்று உண்டு: ‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’. மெதுவாக நடக்கும், அடங்கிய குரலில் அழும் பாடல். அதற்கு ஆல்பத்தில் இடம் கிடைக்கவில்லை. ‘நெவர் பிஃபோர்’ என்ற தனிப்பாடல் இசைத்தட்டின் பின்பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். முன்பக்கத்துப் பாடலே பெரிதாகப் போகாதபோது பின்பக்கத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. கிடாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோருக்கும் அந்தப் பாடல் பிடிக்கவில்லை. அவர் குழுவை விட்டுப் போன பிறகுதான், 1990களில், அது வழக்கமாக மேடை ஏறியது. 2012-இல் ‘மெஷின் ஹெட்’டுக்கு அஞ்சலியாக ஒரு தொகுப்பு வந்தபோது உலகின் மிகப் பெரிய மெட்டல் குழுவான மெட்டாலிகாவும் அதில் பங்கெடுத்தது. எந்தப் பாட்டை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். எடுத்தது, ஆல்பத்திலேயே இல்லாத அந்த எட்டாவது பாடலை. பாக்கி வசூலாக நாற்பது ஆண்டு பிடித்தது.

ஒற்றைச் சான்றை வைத்துச் சித்தாந்தம் கட்டலாகாது என்பதால் இன்னும் இரண்டைக் காட்டுவோம். ஜூடாஸ் பிரீஸ்டின் ‘சின் ஆஃப்டர் சின்’ 1977-இல் வந்த ஆல்பம். ஜோன் பாயஸின் நாட்டார் பாணிப் பாடலான ‘டயமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்’டை மெட்டலாக்கி இரண்டாவது இடத்தில் வைத்தார்கள், அது புகழடைந்தது. அவர்களுடைய சொந்தப் பாடல் ‘டிசிடென்ட் அக்ரசர்’ அதே ஆல்பத்தின் கடைசியில் கிடந்தது. 1988-இல் ஸ்லேயர் அதைத் தேடி எடுத்து ‘சவுத் ஆஃப் ஹெவன்’ ஆல்பத்தில் இன்னும் கடுமையாக வாசித்தது. அதன் பின்னர் 2010-இல் ஜூடாஸ் பிரீஸ்டுக்கே, அந்தப் பாடலின் மேடைப் பதிவுக்காக, கிராமி விருது கிடைத்தது. எழுதி முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு! இரண்டாவது, டயமண்ட் ஹெட்டின் ‘ஆம் ஐ ஈவில்?’ இந்த ஆங்கிலேயக் குழு 1980-இல் தன் முதல் ஆல்பத்தைத் தானே அச்சிட்டு, பெயர்கூட இல்லாத வெள்ளை உறையில் போட்டு விற்றது. உறையில் பெயர் இல்லாத பொருளுக்கு உலகில் பெயர் கிடைக்காததில் வியப்பில்லை. 1984-இல் மெட்டாலிகா அதைத் தன் தனிப்பாடல் ஒன்றின் பின்பக்கத்தில் வாசித்த பிறகே அது மெட்டல் உலகின் பொதுச்சொத்தாயிற்று. பின்பக்கத்தில் புதைவதும் பின்பக்கத்தில் முளைப்பதும் இத்துறையின் இயல்பு எனத் தெரிகிறது.

இங்கே ஒரு தடை எழும். கவர் மூலப்பாடலின் கடனைத் தீர்க்கிறது என்கிறீர். உண்மையில் அதன் பெயரையே அல்லவா விழுங்குகிறது? ‘விஸ்கி இன் த ஜார்’ பாடலுக்காக மெட்டாலிகா 2000-இல் கிராமி வாங்கியது. இன்றைய இளைஞரில் பலர் அது மெட்டாலிகாவின் பாடல் என்றே நினைக்கிறார்கள். 1972-இல் அதை மின்கிடாரில் வாசித்த அயர்லாந்தின் தின் லிசிக்கு என்ன மிஞ்சியது? தடை வலிமையானதே. ஆனால் தின் லிசியே அதை அயர்லாந்தின் பழைய நாட்டார் பாடலிலிருந்து எடுத்தது. அந்த நாட்டார் பாடலை முதலில் பாடியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவர் இன்னொருவரிடம் கேட்டிருக்கக்கூடும். இப்படிப் பின்னோக்கிப் போனால் மூலம் என்று கைவைக்க ஓர் இடமும் அகப்படாது. தருக்க நூலார் இதை அனவத்தை என்று குற்றமாகச் சொல்வார்கள். ராக்கில் அது குற்றமன்று, மரபு. பெயர் கைமாறினாலும் பாடல் உயிரோடு இருக்கிறது. மூலத்தின் பெயரைத் தேடி மீட்டு, கேட்பவரைப் பிடித்து நிறுத்திச் சொல்லும் கடமைக்காகத்தான் ரசிகர் என்ற பிறவியே படைக்கப்பட்டிருக்கிறது. அவருக்கும் ஒரு வேலை வேண்டுமல்லவா?

இனித் திருவனந்தபுரம். மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் இந்நகரிலிருந்து ‘மனோன்மணீயம்’ என்ற நாடகத்தை வெளியிட்டார். அதன் கதைக்கு மூலம் லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ‘தி சீக்ரெட் வே’. அதாவது தமிழின் புகழ்பெற்ற கவிதை நாடகம் கண்டிப்பான இலக்கணப்படி ஒரு கவர். மூலத்தைவிடக் கவர் பெரிதாயிற்று என்பதற்கும் இதுவே சான்று. இன்று லிட்டனின் அந்தக் கதையைத் தேடிப் படிப்பவர், மனோன்மணீயத்துக்கு ஆய்வேடு எழுதுபவராகவே இருப்பார். கதை இத்தோடு முடியவில்லை. அந்த நாடகத்தின் தொடக்கத்தில் வரும் தமிழ்த் தெய்வ வணக்கத்தை 1970-இல் தமிழக அரசு சில அடிகளை விட்டுவிட்டுத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. எம்.எஸ். விசுவநாதன் மோகனத்தில் இசையமைத்தார். பேராசிரியர் எழுதிய பகுதி பள்ளிதோறும் ஒலிக்க எழுபத்தொன்பது ஆண்டு ஆயிற்று. ‘டிசிடென்ட் அக்ரசர்’ காத்திருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல். நீளத்தைக் குறைத்தும் தாளத்தைக் கட்டியும் மக்கள் எழுந்து நிற்கும்படி செய்வது ராக் மேடையின் உத்தி. அதைத் தமிழக அரசு எந்த ஆம்ப்ளிஃபயரும் இல்லாமல் சாதித்தது.

சுவாதித் திருநாளுக்கு வருவோம். 1813-இல் பிறந்து 1846-இல் மறைந்த இந்த மன்னரின் கிருதிகளில் பலவற்றுக்கு மெட்டு வழக்கிழந்து போயிருந்தது. அவற்றைத் திரட்டவும் மெட்டமைக்கவும் பரப்பவும் திருவிதாங்கூர் அரண்மனை வரவழைத்தவர் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். 1939-இல் நகரில் இசைக்கழகம் தொடங்கியது. பாகவதருக்குப் பின் அதன் பொறுப்பையும் இந்தத் திருப்பணியையும் ஏற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். ‘பாவயாமி ரகுராமம்’ சாவேரியில் இருந்த கிருதி. செம்மங்குடி அதைப் பிரித்து, சாவேரியில் தொடங்கி மத்யமாவதியில் முடியும் ராகமாலிகையாக்கினார், எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி நாடறிந்ததும் இந்தக் கவர்தான். தம் சொந்தப் பெயருக்கு ஒரு குறையும் இல்லாத வித்துவான் இன்னொருவர் பாடலில் இத்தனை உழைப்பைக் கொட்டினார் என்றால், அங்கே பாக்கி இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? இடத்தால் விழும் பாக்கிக்கும் இந்நகரம் மருந்து வைத்திருக்கிறது. பத்மநாப சுவாமி கோயில் அருகே உள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளுக்கு ஒன்பது கிருதிகள், நாளுக்கு ஒன்று: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, எட்டாம் நாள் நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. பின்பக்கம் கிடையாது, பக்கத்துப் பாட்டின் நிழல் கிடையாது. கைதட்டவும் கூடாது. மதிப்பெண்ணே போடாத இடத்தில் குறைவாகப் போட்டார்கள் என்று யாரும் புலம்ப முடியாது. அண்டர்ரேட்டட் பாடல் என்ற நோயை அடியோடு ஒழித்த ஒரே அரங்கு உலகில் இதுவாகத்தான் இருக்கும்.

இந்நகரைப் பற்றி இதுவரை சொன்னவற்றில் மெட்டல் எங்கே என்று பொறுமையிழந்தோர் கேட்பர். 1856-இல் நகரை ஒட்டிய செம்பழந்தியில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்ற தமிழரிடம் யோகம் பயின்றவர். தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர். அவர் மலையாளத்தில் எழுதிய ‘குண்டலினிப் பாட்டு’ நம் பாம்பாட்டிச் சித்தரின் வழியைப் பின்பற்றிப் பாம்பை ஆடச் சொல்வது. இது முதல் கவர். திருவனந்தபுரத்தின் அவியல் குழு 2008-இல் எட்டுப் பாடல்கள் கொண்ட தன் முதல் ஆல்பத்தில் அதே பாட்டை ‘ஆடு பாம்பே’ என்ற பெயரில், டிஸ்டார்ஷன் ஏற்றிய கிடாரும் டிரம்ஸும் முழங்க வாசித்தது. இது இரண்டாம் கவர். சித்தர், குரு, ராக் குழு என மூன்று தலைமுறைக் கைமாற்றம்; தின் லிசிக்கும் மெட்டாலிகாவுக்கும் கிடைக்காத வமிசாவளி இது. அந்த ஆல்பத்தில் கூட்டம் கூடிப் பாடும் புகழ் ‘நட நட’ என்ற பாடலுக்கே போயிற்று. ஆகவே ‘ஆடு பாம்பே’ நம் கோட்பாட்டின் எல்லாத் தகுதிகளையும் உடையது: கவராகப் பிறந்து மூலத்தின் கடனைத் தீர்த்தது, நிழலில் நின்றதால் தானும் கடன்பட்டது. சித்தர் பாட்டில் ராக் ஏது என்பார்க்கு: ஒரு சிறு தொடர் விடாது திரும்பத் திரும்ப வந்து அறைவதே ரிஃப். பாம்பாட்டிச் சித்தரின் பாட்டில் ஒவ்வொரு செய்யுளும் பாம்பை அழைத்தே முடிகிறது. ஊர் ஒப்புக்கொண்ட ஆசாரத்தை இடித்துரைப்பது மெட்டலின் பொருள் என்றால், அதைச் சித்தர்களைவிடக் கடுமையாகச் செய்தவர் யாருமில்லை. அவர்களிடம் இல்லாதது மின்சாரம் ஒன்றே.

மெட்டல் வெறும் இரைச்சல், அதை ராகத்தோடு ஒப்பிடலாமா என்பது அடுத்த தடை. 1972-இல் லண்டன் ரெயின்போ அரங்கில் டீப் பர்ப்பிள் 117 டெசிபல் அளவுக்கு வாசித்து, மூவர் மயங்கி விழுந்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது மெய்தான். ஆனால் இந்தத் தடையை மலையாள மண்ணில் நின்று எழுப்புவது நியாயமன்று. பதினெட்டு வாத்தியமும் செண்டைக்குக் கீழே என்பது அங்கே பழமொழி. திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தற மேளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வாசிக்கிறார்கள். கேட்போர் காதைப் பொத்துவதில்லை, கையை உயர்த்தித் தாளம் போடுகிறார்கள். பஞ்சாரி மேளம் தொண்ணூற்றாறு அட்சரத்தில் நிதானமாகத் தொடங்கி 48, 24, 12 என்று பாதி பாதியாகச் சுருங்கி, ஆறில் வந்து வெடிக்கிறது. மெதுவாக ஆரம்பித்து வேகத்தை இரட்டித்துக்கொண்டே போய் உச்சத்தில் முடிக்கும் உத்தியை மெட்டல் குழுக்கள் தம் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தால், அவர்களை ஒரு பூரத்துக்கு அழைத்துப்போக வேண்டும். இரைச்சல் என்பது ஒலியின் அளவைப் பற்றிய சொல் அன்று. கேட்பவருக்கு அதன் கணக்கு பிடிபட்டதா இல்லையா என்பதைப் பற்றியது. கணக்கு பிடிபட்டவருக்குச் செண்டையும் இசை, ஸ்லேயரும் இசை.

எல்லாத் தடைகளிலும் கூர்மையானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். கேரளத்தின் ராக் வரலாறே உங்கள் கோட்பாட்டைப் பொய்யாக்குகிறதே என்று கேட்கலாம். கொச்சியின் 13ஏடி ஓட்டல் மேடைகளில் பிறர் பாடல்களை வாசித்துத்தான் பேர் வாங்கியது. சொந்த ஆல்பமான ‘கிரவுண்ட் ஜீரோ’ 1990-இல்தான் வந்தது. கல்லூரி விழாவில் குழுவினர் தாம் எழுதிய பாட்டைத் தொடங்கினால், கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ‘ஹோட்டல் கலிபோர்னியா’ கேட்டுக் குரல் வரும். இங்கே கவர்தான் சொந்தப் பாடலை அமுக்கியது. மீட்கும் என்று நீங்கள் சொன்ன கருவியே புதைத்திருக்கிறது. உண்மை. அதனால்தான் கவரை இரண்டாகப் பகுக்க வேண்டும். ஏற்கெனவே ஊரறிந்த பாட்டைக் கூட்டம் கேட்டதற்காக வாசிப்பது புகழ்க் கவர். அதில் பாக்கி ஏதும் இல்லை. தீர்ந்த கடனை மறுபடி கட்டுவது அது. ஒருவரும் கேட்காததை வாசித்துக் கேட்க வைப்பது மீட்புக் கவர். அளவையாக ஏற்கத்தக்கது இரண்டாவது மட்டுமே. இந்தப் பகுப்பை வைத்துப் பார்த்தால் கேரளத்தின் நல்ல குழுக்கள் முதலாவதில் பயின்று வெளியேறியவை என்பது விளங்கும். மதர்ஜேன் 2008-இல் ‘மக்தூப்’ தந்தபோது பைஜு தர்மஜனின் கிடாரில் கர்நாடக இசையின் கமகம் இருந்தது. அது யாருடைய பாட்டின் கவரும் அன்று, ஒரு மரபின் கவர். திருவனந்தபுரத்தின் கேயாஸ் 2013-இல் ‘வயலன்ட் ரிடெம்ப்ஷன்’ என்ற திராஷ் மெட்டல் ஆல்பத்தைச் சொந்தப் பாடல்களாகவே வெளியிட்டது. செம்மங்குடி பாடிய ஊரில் திராஷா என்று வியப்பவர், இரண்டுக்கும் வேண்டியது ஒரே தகுதி என்பதை மறந்தவர்: நாள்தோறும் விடாத சாதகம்.

ஆகவே முடிவுகள் வருமாறு. ஒரு பாடலை ஒருவர் அண்டர்ரேட்டட் என்று எத்தனை முறை சொன்னாலும் அது மெய்யாகாது. இன்னொருவர் அதை ஒருமுறை நன்றாக வாசித்தால் மெய்யாகும். ரசிகர்களின் பட்டியல்கள் அனைத்தும், மிக நீளமானவை உட்பட, சான்றற்றவை எனத் தள்ளுபடி செய்யப்படுகின்றன. மேல்முறையீட்டுக்கு இடமுண்டு, ஆனால் அதைக் கிடாருடன் வந்து செய்ய வேண்டும். அடுத்து எடுக்க வேண்டிய வழக்கையும் இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. 1839 முதல் 1900 வரை வாழ்ந்த நீலகண்ட சிவன் இந்தத் திருவனந்தபுரத்திலிருந்தே தமிழில் கிருதிகள் இயற்றியவர். முகாரியில் அமைந்த ‘என்றைக்கு சிவக்ருபை’ அவருடையது. கச்சேரி கேட்பவர்கள் அதை அறிவார்கள், ராக் கேட்பவர்கள் அறிய மாட்டார்கள். முகாரியின் சோகத்துக்கும் மெட்டல் பாலடின் சோகத்துக்கும் இடையே உள்ள தூரம், ஆறாவது கம்பியைச் சற்றுத் தளர்த்தும் தூரம்தான். திருவனந்தபுரத்தில் கிடார் வாசிக்கத் தெரிந்த தமிழர் எவராவது இதைப் படித்தால், பட்டியல் எழுதுவதை இன்றோடு நிறுத்திவிட்டு இந்தக் கிருதியை எடுத்துக்கொள்ளட்டும்.